விசுவாசி சிலம்பம் கற்கலாமா?

"மேடம், பையனைச் சிலம்பத்துக்கு அனுப்பலாமா? சபையில ஏதும் சொல்லுவாங்களோ?" தஞ்சாவூரில் பிசியோதெரபி பார்க்கும் என்னிடம் இந்த இரட்டைக் கேள்வியோடு வருகிறவர்கள் உண்டு. நான் சபைக்குப் போகிறவள், கம்பும் சுற்றுகிறவள் என்று தெரிந்தே கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

"சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை நம் வீடுகளில் சோம்பலுக்குச் சாட்சியாக நிறுத்திவிட்டோம். தேவபக்தியின் பக்கத்தில் வைத்து அளந்துதான் அவர் அப்படிச் சொல்கிறார். உடம்பைக் கிடப்பில் போடச் சொல்லவில்லை. அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்கிறார். பந்தயத்தில் ஓடுகிறவனை உதாரணம் காட்டி, "என் சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துகிறேன்" என்றும் சொல்கிறார்.

அந்த ஆலயம் எந்த நிலைமையில் இருக்கிறது என்பதை என் சிகிச்சை மேசையில் பார்க்கிறேன். நடவுக்குக் குனிந்தே இடுப்பு பிடித்துக்கொண்ட அம்மாக்கள் ஒரு பக்கம், நாற்காலியை விட்டு எழாமலே இடுப்பு பிடித்துக்கொண்ட ஆபீஸ்காரர்கள் இன்னொரு பக்கம். வேளாங்கண்ணிக் கொடியேற்றம் ஆகஸ்ட் 29. வருஷம் முழுக்கத் தெருமுனைக் கடைக்கும் பைக்கிலேயே போனவர்கள், அதையொட்டி இங்கிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் நடந்துவிட்டுக் குதிகாலைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பக்தியில் குறையே இல்லை, தசைக்குத்தான் பழக்கமில்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும், பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நடைப்பயிற்சியே போதாதா என்பீர்கள். நடந்தால் நல்லதுதான். ஆனால் நடையில் கிடைக்காத சில விஷயங்கள் கம்பில் கிடைக்கும். நல்ல வாத்தியார் வீச்சுக்குப் போகும் முன் காலடி பழக்குவார். முன்வைப்பது, பின்வாங்குவது, திரும்புவது, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது. விழுந்துவிடுவோமோ என்று பயப்படும் முதியவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சியும் ஏறக்குறைய இதுவே. 65 வயதைத் தாண்டியவர்கள் சமநிலைக்கும் தசைவலுவுக்கும் வாரத்தில் மூன்று நாளாவது பயிற்சி செய்ய வேண்டும் என்பது பரிந்துரை. அதற்காக எழுபது வயதுப் பாட்டியைப் போர்ச்சிலம்பத்துக்கு அழைக்கவில்லை. காலடியும் மெதுவான வீச்சும் போதும். இடக்கையும் வலக்கையும் மாறி மாறி வேலை செய்வதும், தோள் தன் முழு வட்டத்தில் அசைவதும் அன்றாட வாழ்க்கையில் நமக்கு வாய்க்காதவை.

நான் பெரிதாக மதிக்கும் பலன் வேறொன்று. ஜோடி போட்டு ஆடும்போது, எதிரே நிற்பவர் தலைக்கு ஓங்கிய கம்பு தலையைத் தொடாமல் ஒரு சாண் மேலே நிற்க வேண்டும். ஓங்குவது யாருக்கும் வரும். வேகமாக வரும் கம்பை நிறுத்துவதற்கு மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு, ஊன்றிய கால் எல்லாம் ஒரே கணத்தில் பிடித்து இழுக்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இது கடைசியில்தான் படிகிறது. உடம்புக்குப் படிந்த பிறகும் மனசுக்குப் படிய வேண்டியது பாக்கி இருக்கும். எதிராளியின் கம்பு தவறி விரல்கணுவில் பட்டுவிட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அடுத்த வீச்சில் கணக்குத் தீர்க்கக் கை துடிக்கும். அந்த வீச்சும் அதே ஒரு சாணில் நின்றாக வேண்டும். கலாத்தியர் நிருபத்தில் ஆவியின் கனியாகச் சாந்தத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இச்சையடக்கத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அதை வியர்வையோடு பழகிப் பார்க்க எனக்குக் கிடைத்த இடம் இந்தக் களம்தான்.

மகன் கோபத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவது இப்போது நின்றிருக்கிறது என்று ஒரு தாய் சொன்னார். ஒரு வீட்டுக் கதையை வைத்து எல்லோருக்கும் உத்தரவாதம் தர மாட்டேன். சொல்லித்தருகிறவர் கோபக்காரராக இருந்தால் பிள்ளை அதையும் கற்றுக்கொண்டு வரும். சேர்க்கும் முன் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள். தப்பாக அடித்த பிள்ளையை வாத்தியார் எப்படி நடத்துகிறார் என்பது ஒன்றைப் பார்த்தாலே போதும். தூக்கமும் படிப்பும் சேர்ந்து கெட்டுப்போகிற அளவுக்குக் கோபம் இருந்தால், முதலில் போக வேண்டியது மனநல மருத்துவரிடம்.

மறு கன்னத்தைக் காட்டு என்றாரே இயேசு என்று கேட்பவர்களுக்கு: நான் புரிந்துகொண்ட வரையில் அது பழிவாங்காதே என்பது. ஒரு பெண் பிள்ளை தன்னைப் பிடித்திழுப்பவனிடமிருந்து கையை உதறிக்கொண்டு ஓடக்கூடாது என்பதல்ல. தமஸ்குவில் கொல்லத் தேடியபோது பவுலே கூடையில் இறங்கித் தப்பினார். எங்கள் களத்திலும் பெண்களுக்கு முதலில் சொல்லித்தருவது பிடியை விடுவித்துக்கொண்டு விலகி ஓடுவதைத்தான். சத்தம் போடுவதும் அதில் சேர்த்தி. கம்பு கற்றிருக்கிறோம் என்று எதிர்த்து நிற்கப் போகக்கூடாது. பெண்களுக்கான 181, பிள்ளைகளுக்கான 1098 என்ற உதவி எண்களும் மனப்பாடமாக இருக்கட்டும்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பெற்றோரின் ஆர்வமும் கூடியிருக்கிறது, சந்தோஷம். கூடவே வந்திருக்கும் 'உலக சாதனை' மோகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்கவைத்து, மணிக்கணக்கில் நிறுத்தாமல் கம்பு சுற்றவிட்டு, ஒரு சான்றிதழும் பதக்கமும் கொடுப்பது. வளரும் எலும்பின் முனைகள் இன்னும் கெட்டிப்படாத வயது அது. ஒரே அசைவை அளவுக்கு மீறித் திரும்பத் திரும்பச் செய்தால் மணிக்கட்டும் தோளும் கெடும். "ஆகாயத்தை அடிக்கிறவனாகச் சிலம்பம்பண்ணேன்" என்கிறதே வேதம், இந்தச் சாதனைகளைப் பார்க்கும்போது அந்த வசனம்தான் நினைவுக்கு வருகிறது. ஆண்டுவிழா மேடையில் பிள்ளைகள் கையில் தீப்பந்தம் கொடுப்பதும் வேண்டாம்.

இனி, சபைக் கேள்வி. வகுப்பு தொடங்கும்போது போடும் சலாம் வரிசை களத்துக்கும் ஆசானுக்கும் செய்யும் மரியாதை. அதில் எனக்கு நெருடல் இல்லை. கராத்தேயில் குனிவதும் அதைப் போலத்தான். விளக்கேற்றுவது, ஆயுத பூஜையன்று கம்புக்குப் பொட்டு வைத்துப் படைப்பது என்று வரும்போது அவரவர் மனச்சாட்சி குறுக்கே வரும். வரட்டும். சேரும் நாளன்றே வாத்தியாரிடம் பணிவாகச் சொல்லிவிட்டால் சங்கடமில்லை: "ஐயா, நாங்க பூஜையில கலந்துக்க மாட்டோம், மத்தபடி நீங்க சொல்றதைக் கேட்டு நடப்பான்." பல மதத்துப் பிள்ளைகளும் சேர்ந்து பழகும் களங்கள் இங்கே உண்டு, இதைக் கேட்டு முகம் சுளிக்கும் ஆசான்கள் குறைவு. பூஜையை விடப் பெரிய தலைவலி ஞாயிற்றுக்கிழமைக் காலை வகுப்பு. சனிக்கிழமை வகுப்பு இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். போட்டிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் வைக்கப்படுவதுண்டு. ஆராதனையா போட்டியா என்பதை அந்த வாரம் வந்த பிறகு சண்டை போட்டு முடிவு செய்யாதீர்கள்.

நாற்பதைத் தாண்டியவர்கள் சேரும் முன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். ஆட ஆரம்பித்தோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கையை மேலே தூக்க முடியாமல் தோள் இறுகியிருக்கிறதா? சர்க்கரை உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும். முதலில் அதற்குச் சிகிச்சை, பிறகு கம்பு. தொடக்கத்தில் கனமான மூங்கில் வேண்டாம், லேசான பிரம்பு போதும். மூட்டு தேய்ந்தவர்கள் மண்டி போடும் வரிசைகளை விட்டுவிடலாம். சிமெண்ட் தரையை விட மண் தரை நல்லது, ஒரே ஒரு கூட்டத்தாரைத் தவிர. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு மண்ணில் ஆடக் கூடாது. முள் குத்தினாலும் தெரியாது, புண் பெரிதான பிறகுதான் தெரியவரும். பாதத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். வெறுங்கால்தான் முறை என்று வாத்தியார் சொன்னால், பிசியோ அக்கா போடச் சொன்னாங்க என்று சொல்லுங்கள்.