போரில் சுட்டவருக்கு மட்டும்தானா உரிமை? அமெரிக்கப் படை விதிகள் சொல்வது என்ன

ஈராக், ஆப்கானிஸ்தான் பணி முடித்துத் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் நிரப்பித் தந்த உடல்நலப் படிவத்தில், நேரடிச் சண்டையில் உங்கள் ஆயுதத்தால் சுட்டீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. அதற்கு ‘இல்லை’ என்று எழுதியவர், போரில் ஈடுபட்டவருக்குரிய உரிமை தனக்கு இல்லை என்று ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. விதிகள் அப்படிச் சொல்லவில்லை.

தரைப்படை 2005-இல் கொண்டுவந்த ‘காம்பட் ஆக்‌ஷன் பேட்ஜ்’ எனும் போர்ச் சின்னத்துக்கான விதியைப் பாருங்கள். சம்பவ இடத்தில் நேரில் இருந்து, எதிரியைத் தாக்கியிருக்க வேண்டும் அல்லது எதிரியின் தாக்குதலுக்கு உள்ளாகியிருக்க வேண்டும். அந்த ‘அல்லது’தான் முக்கியம். சாலையோரக் குண்டுவெடிப்பில் சிக்கிய ஓட்டுநர் ஒரு ரவைகூடச் சுடாமலே தகுதி பெறலாம். மறுபக்கம், பயிற்சியில் சுட்டதும் கை தவறி வெடித்ததும் கணக்கில் வராது. அங்கே எதிரியே இல்லை. சுடுவதற்கான கட்டுப்பாடுகளை மீறியவருக்கும் பேட்ஜ் கிடையாது. 2001 செப்டம்பர் 18 முதல் நடந்த சம்பவங்களுக்கு இது பொருந்தும்.

காலாட்படையினருக்கும் சிறப்புப் படையினருக்கும் 1943-இல் தொடங்கிய தனி பேட்ஜ் இருக்கிறது. அதற்கும் எதிரியின் சூட்டுக்கு நடுவே கடமையில் இருந்தாரா என்பதே அளவுகோல். படைப்பிரிவு போரில் கலந்துகொண்டது என்பது மட்டும் போதாது.

ஓய்வுக்குப் பின் ஊனத் தொகை கேட்கும்போதுதான் இது வாழ்க்கைப் பிரச்சினையாகிறது. எதிரியுடன் போரில் ஈடுபட்டவர், பணியின்போது ஏற்பட்ட காயத்தைத் தன் வாய்மொழியால் சொன்னாலே, அது பணிச் சூழலோடு பொருந்தி, மறுக்கத் தெளிவான சான்றும் இல்லாவிட்டால் முன்னாள் படைவீரர் நலத்துறை ஏற்க வேண்டும். அலுவலகப் பதிவு இல்லை என்று தள்ள முடியாது. மிக நியாயமான விதி இது. குண்டு பாயும் இடத்தில் யார் உட்கார்ந்து பதிவேடு எழுதுவார்கள்? ஆனால் போர்ப் பகுதியில் இருந்ததை மட்டும் ‘ஈடுபட்டது’ என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உண்மையான மோதலில் பங்கு இருக்க வேண்டும். மேலே சொன்ன பேட்ஜ்கள் அதற்கு வலுவான சான்று.

பேட்ஜும் இல்லை, சுடவும் இல்லை, ஆனால் பீரங்கிக் குண்டு விழுந்த முகாமில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தவர்? அவர்களுக்காக 2010 ஜூலையில் விதி தளர்த்தப்பட்டது. எதிரித் தாக்குதல் பற்றிய அச்சமே மனவடுவுக்கு (PTSD எனும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறு) காரணம் என்று நலத்துறையின் மனநல மருத்துவரோ உளவியலாளரோ உறுதி செய்து, அது பணியிடத்தோடும் சூழலோடும் பொருந்தினால், சம்பவத்துக்குத் தனிச் சான்று தேவையில்லை.

விண்ணப்பிப்பவர் நாள், இடம், படைப்பிரிவு, நடந்தது அனைத்தையும் எழுதுங்கள். உடனிருந்த தோழர்களின் சாட்சியத்தை 21-10210 எண் படிவத்தில் வாங்கி இணையுங்கள்.