பாண்டு என்றால் யார் யாருக்குக் கொடுப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் "வீட்டுக்கு பாண்டு கிடைச்சிடுச்சு" என்றால் வங்கிக் கடன் கைகூடிவிட்டது என்று பொருள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவருக்கு அதே சொல் முத்திரைத்தாளை நினைவூட்டும். ஊரில் 'பாண்டு பேப்பர்' அதுதானே. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மச்சான் பாண்டு கட்டினேன் என்றால் அது வாடகை முன்பணம். இங்கே அதை டெபாசிட் என்போம்.

டர்பனின் இந்தப் பேச்சு சட்டப்படி தலைகீழானது. வங்கி கொடுப்பது கடன். பாண்டு என்பது நீங்கள் வங்கிக்கு எழுதிக் கொடுக்கும் அடமானப் பத்திரம். டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதி வீடுகள் என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் அது பதிவாகிறது. அதில் கடன் தொகையோடு, வழக்குச் செலவு முதலியவற்றுக்கென ஒரு கூடுதல் தொகையும் எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மாதத் தவணை அதற்குக் கணக்கிடப்படுவதில்லை.

பத்திரம் தனி, கடன் தனி என்பதால்தான் கடைசித் தவணை கட்டியதும் பாண்டு தானாக மறைந்துவிடாது. ரத்து செய்து பதிவு செய்யும்வரை வீட்டின் மேல் அது கிடக்கும். பிள்ளைகள் பெயருக்கு மாற்றப் போகும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

வீட்டை விற்பவர்கள் அதிகம் பணம் இழப்பது 90 நாள் அறிவிப்பில். கடனை முன்கூட்டியே அடைக்கப் போவதாக வங்கிக்கு எழுத்தில் தெரிவிக்காவிட்டால், அதிகபட்சம் மூன்று மாத வட்டியை அபராதமாகக் கேட்கலாம். 8,00,000 ரேண்ட் பாக்கி, வட்டி 11 சதவீதம் என்றால் 90 நாளுக்குச் சுமார் 21,700 ரேண்ட். கடிதம் கொடுத்தபின் நாள் செல்லச் செல்ல இது குறையும். ஆகவே வாங்குபவர் கிடைக்கட்டும் என்று காத்திராமல், வீட்டை விலைக்கு விடும் அன்றே கடிதம் கொடுங்கள். கொடுத்ததால் விற்றே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. பதிவு முடியும்வரை தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

"ஒரே வீட்டுக்கு எதற்கு மூன்று வக்கீல்?" என்று கேட்காதவர் குறைவு. பெயர் மாற்றத்துக்கு ஒருவர், புதிய பாண்டுக்கு ஒருவர், பழைய பாண்டை ரத்து செய்ய ஒருவர். வழக்கமாக முதல் இரண்டு செலவும் வாங்குபவர் தலையில், மூன்றாவது விற்பவர் தலையில். மூன்று கோப்பும் ஒரே நேரத்தில் பதிவகத்துக்குப் போக வேண்டும். ஒன்று தாமதமானால் மற்ற இரண்டும் காத்துக் கிடக்கும்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது ஒப்பந்தத்தின் பாண்டு நிபந்தனை. குறித்த தேதிக்குள் குறித்த தொகைக்கு வங்கி ஒப்புதல் வராவிட்டால் ஒப்பந்தமே விழுந்துவிடும். வங்கி முன்கூட்டித் தரும் தகுதிச் சீட்டு அந்த ஒப்புதல் ஆகாது.

'அக்சஸ் பாண்டு' கொஞ்சம் ஏமாற்றுக்காரச் சொல். தவணைக்கு மேல் போட்ட பணத்தை வேண்டும்போது எடுக்கலாம், உண்மைதான். எடுத்த நிமிடமே அது வீட்டுக் கடனாகிவிடும். காருக்கு எடுத்தால் காருக்கும் பல வருடம் வட்டி.

2004-இல் தொடங்கிய அரசின் சில்லறைச் சேமிப்பு பாண்டில் திசையே வேறு. அதன் நிலையான வட்டி வகையில் 2, 3 அல்லது 5 ஆண்டுக்குக் கடன் கொடுப்பவர் நீங்கள், வட்டி கட்டுவது அரசாங்கம்.