சவரக்கத்தியைத் தோல்வார் என்ன செய்கிறது?

யாங்கூனில் எங்கள் தெருமுனையில் முடிதிருத்தகம் வைத்திருக்கும் பெரியவர், வாடிக்கையாளர்களுக்கு ஆளுக்கொரு புது பிளேடுதான் போடுகிறார். சவரக்கத்தியை இழுத்துப் பதமாக்கும் தோல்வாரைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்ய முடியாது. ஒருவர் முகத்தில் பட்ட கத்தியை அதில் இழுத்துவிட்டு அடுத்தவருக்கு எடுத்தால், ரத்தத்தின் வழியே பரவும் நோய்களுக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். தமக்குச் சவரம் செய்துகொள்ள மட்டும், தந்தை விட்டுச்சென்ற மடக்குக் கத்தியை எடுப்பார். "கல்லில் கூர் வரும் தம்பி. தோலில் இழுத்தால்தான் அது முகத்துக்கு ஆகும்" என்பார். தோலில் அப்படி என்ன நடக்கிறது என்று பார்க்க, பள்ளி நுண்ணோக்கி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன்.

முதலில் வெளிச்சமே தகராறு செய்தது. பள்ளி நுண்ணோக்கிக்கு விளக்கு அடியில் இருக்கிறது. வெங்காயத் தோலுக்கு அது போதும்; எஃகின் ஊடே ஒளி புகாது, கரிய நிழல்தான் தெரிந்தது. அந்த விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தோம். 400 மடங்கு காட்டும் வில்லை கத்தியை உரசும் அளவுக்கு இறங்க வேண்டியிருந்ததால் 100 மடங்கோடு நிறுத்திக்கொண்டோம்.

கல்லில் தீட்டி மூன்று சவரம் கண்ட கத்தி அது. உழுத வயலைப் போல ஒரே சாய்வில் வரிவரியாகக் கோடுகள். தீட்டுக்கல்லின் ஒவ்வொரு துகளும் இழுத்த சால் அது. அந்தச் சால்கள் போய் முடியும் இடம்தான் கத்தியின் வாய். ஆகவே கண்ணுக்கு நேர்கோடாகத் தெரியும் வாய், அங்கே பொடிப்பொடியான பற்களோடு இருக்கிறது. இடையிடையே காய்ந்த சோப்புப் படிவு, இரண்டு துருப் பள்ளங்கள். யாங்கூன் மழைக்காலத்தில், ஈரத்தோடு மடக்கி வைத்த கரிம எஃகு ஒரே இரவில் துருப்பிடித்துவிடும். அடுத்து, வாய் மேலே பார்க்கும்படி கத்தியை நிறுத்தினோம். கருங்கோட்டில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் மின்னின. கூரான வாயில் ஒளியைத் திருப்பி அனுப்பப் பரப்பே கிடையாது. மின்னும் இடமெல்லாம் மழுங்கிய இடம்.

பெரியவர் வாரைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பிடித்தார். துணிப்பக்கம் இருபது முறை, தோல்பக்கம் நாற்பது முறை. கத்தியின் முதுகு முன்னால் போக, வாய் பின்னால் வரும். திருப்பும்போது முதுகின் மேல்தான் புரட்டுவார். முதுகும் வாயும் சேர்ந்து படிவதால் கோணம் தானாகவே நிலைக்கிறது. அழுத்தமே கூடாது: அழுத்தினால் தோல் அமுங்கி, வாயைத் தாண்டியதும் மேலெழும்பி அதை உருட்டிவிடும்.

மறுபடி பார்த்தபோது, சால்கள் அப்படியேதான் இருந்தன. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோலே கத்தியைத் தீட்டுகிறது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். எஃகுக்கு முன் தோல் மிக மென்மையானது. ஆழமான கீறலை அது அழிக்காது. குரோமியம் ஆக்சைடு கலந்த பச்சைப் பசை தடவிய வார் என்றால் கதை வேறு. அந்தத் துகள்கள் எஃகைவிடக் கடினமானவை, அவை தேய்க்கும். வெறும் தோல் செய்தது வேறு வேலை. சோப்புப் படிவைத் துணி துடைத்திருந்தது. வாயில் ஒட்டிக்கொண்டிருந்த பிசிறுகள் தோலில் இப்படியும் அப்படியும் அசைந்து உதிர்ந்திருந்தன. பற்களின் ஓரங்கள் மழமழவென்று ஆகியிருந்தன. வெள்ளைப் புள்ளிகளில் பெரும்பாலானவை மறைந்தன. துருப் பள்ளங்கள் இரண்டும் அசையவில்லை.

முடியைவிட எஃகு ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் கத்தி ஏன் கெடுகிறது? அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டிப் பார்த்து, 2020இல் விடை சொன்னார்கள். வாய் மெல்ல மெல்லத் தேய்வது மட்டும் காரணமல்ல. சில்லுச் சில்லாக உடைகிறது. முடி வளைந்து சாய்வாக மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் விசை குவிந்து விரிசல் விடுகிறது. நீர் ஊறிய முடி இளகிவிடும். மொட்டை போடுமுன் குழந்தையின் தலையில் தண்ணீர் விட்டு நன்றாகத் தேய்ப்பதும், இங்கே சிறுவர்களைப் புத்த மடத்தில் சேர்க்கும் ஷின்பியூ சடங்கில் அவர்களின் தலையை நனைத்துக்கொண்டு மழிப்பதும் தலைத்தோலுக்கு மட்டுமல்ல, கத்திக்கும் செய்யும் உபகாரம்.

எங்கள் நுண்ணோக்கிக்கும் ஓர் எல்லை உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கொண்டு சுமார் 0.2 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழ் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. நன்றாகத் தீட்டிய வாய் அதைவிட மெல்லியதாக இருக்கும். எனவே கடைசிச் சோதனையைப் பெரியவரிடமே விட்டேன். தம் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, வேர்ப்பக்கம் பிடித்துத் தொங்கவிட்டு வாயில் தொட்டார். வார் பிடிக்குமுன் இதே சோதனையில் முடி வளைந்து நழுவியிருந்தது; இப்போது தொட்ட மாத்திரத்தில் துண்டாகி விழுந்தது. துருப் பள்ளத்தின் மேல் வைத்தபோது மட்டும் சிக்கி இழுபட்டது. கத்தியைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி மடக்கினார். நாளைக் காலை கல்லில் போட வேண்டும் என்றார்.