பிளாஸ்மிட்: உலோகம் தாங்கும் ஆற்றலைப் பகிரும் வளையம்

பற்றீரியாக் கலத்தில் நிறமூர்த்தத்துக்கு (குரோமோசோம்) புறம்பாக, தன்பாட்டில் இரட்டிக்கும் டீஎன்ஏ மூலக்கூறே பிளாஸ்மிட். பெரும்பாலும் வளைய வடிவானது. சொல்லை 1952இல் முன்வைத்தவர் அமெரிக்க மரபியலாளர் யோசுவா லெடர்பேர்க். 'பிளாஸ்மா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு வார்த்து உருவாக்கியது என்று பொருள். கலத்தின் சைற்றோபிளாசத்திலும் இருப்பது அதே வேர். நிறமூர்த்தத்துக்கு வெளியே உள்ள எந்தப் பரம்பரைக் காரணியையும் அவர் அச்சொல்லால் குறித்தார். இன்றைய பொருள் அதைவிடக் குறுகியது.

தமிழில் 'கணிமி' என்ற சொல் உண்டு. இலங்கையில் எங்கள் உயர்தர மாணவர் காதுக்குப் பழகியது பிளாஸ்மிட்தான். கட்டுரையில் முதல் இடத்தில் இரண்டையும் எழுதிவிட்டு, பிறகு ஒன்றையே பிடித்துக்கொள்வது நல்லது.

சில பிளாஸ்மிட்டுகள் பார உலோகத்தின் நஞ்சைத் தாங்கும் ஆற்றலைக் கலத்துக்குத் தரும். பார உலோகம் என்று நாம் சொல்வதைத் தமிழ்நாட்டார் கன உலோகம் என்பர். நுண்ணுயிர்கொல்லியைப் பற்றீரியா உடைத்துப்போடலாம். உலோகம் மூலகம், உடையாது. ஆகவே அதை வெளியே பம்பவேண்டும், அல்லது வடிவம் மாற்றவேண்டும். பெல்ஜியத்துத் துத்தநாகத் தொழிற்சாலைத் தொட்டியொன்றில் 1976இல் கிடைத்த பற்றீரியாவின் பிஎம்ஓஎல்30 என்ற பிளாஸ்மிட், கட்மியம், கோபாற்று, துத்தநாகம் மூன்றையும் வெளியே தள்ளும் பம்பிக்கான பரம்பரையலகுகளை (மரபணுக்களை) சுமக்கிறது. இரசத்துக்கு (பாதரசம்) வழி வேறு: மெர்-ஏ நொதியம் இரச அயனை உலோக இரசமாக்க, அது ஆவியாகிப் போய்விடும்.

இப்பரம்பரையலகுகள் அயற்கலத்துக்குப் போவது இணைதல் மூலம். வழங்கும் கலம் தன் மேற்பரப்பிலுள்ள மயிர்போன்ற நுண்ணிழையால் மற்றதைப் பற்றும். ஒரு நொதியம் பிளாஸ்மிட்டின் ஈரிழை டீஎன்ஏயில் ஓரிழையை வெட்டும். அந்த இழை மட்டும் அடுத்த கலத்துக்குள் நுழையும். இரு கலங்களும் குறைந்த இழையைக் கட்டிக்கொள்ளும். கொடுத்தவருக்கும் இழப்பில்லை. அதனால் 'கடத்தல்', 'மாற்றம்' என்பவற்றைவிடப் 'பகிர்வு' பொருந்தும். இணைதலை இனப்பெருக்கத்தில் சேர்ப்பதும் பிழை, கலங்களின் எண்ணிக்கை கூடுவதில்லையே.

திருகோணமலை உள்துறைமுகச் சேற்றிலிருந்து பிரித்த பற்றீரியா ஒன்று இரசம் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பகிர்கிறதா என்று பார்க்க, பிளாஸ்மிட் இல்லாத, ரிபாம்பிசின் என்ற நுண்ணுயிர்கொல்லியைத் தாங்கும் ஈ.கோலை என்ற குடற்பற்றீரியாவைப் பெறுநராக எடுக்கவும். இரண்டின் வளர்ப்புத் திரவத்திலும் 0.5 மில்லிலீற்றர் எடுத்துக் கலந்து 0.45 மைக்ரோமீற்றர் வடிதாளில் பிடித்து, உலோகமில்லாத ஏகரில் (பற்றீரியா வளர்க்கும் கூழ்) இரவு முழுக்க 30 பாகை செல்சியசில் வைக்கவும். குலுக்கும் திரவத்தில் செய்தால், விறைப்பான நுண்ணிழையுள்ள வகைகள் பகிராமலே போகும். பின் 0.85% உப்புக் கரைசலில் கழுவி, ஐதாக்கி, 25 மைக்ரோமோலார் இரசக் குளோரைட்டும் மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராம் ரிபாம்பிசினும் உள்ள ஏகரில் பரப்பவும். இரண்டையும் தாங்கி வளர்வது பிளாஸ்மிட்டைப் பெற்ற பெறுநராக இருக்கவேண்டும். வழங்குநரையும் பெறுநரையும் தனித்தனியே அதே ஏகரில் இடாவிட்டால், தானாகவே மாறித் தாங்கும் ஆற்றல் பெற்ற தற்செயல் விகாரியைப் பகிர்வென்று எண்ணிவிடுவீர்கள். இரசம் ஆவியாகும் என்பதால் வேலை புகையகற்றிக்குள்தான்.

கடலோரத்தார் பெரும்பாலும் ஏமாறுவது உப்பில். கடல்நீரின் குளோரைட்டு இரசத்தையும் கட்மியத்தையும் பிணைத்து அவற்றின் நஞ்சைக் குறைக்கிறது. கடல்நீர் ஏகரில் நோஞ்சான் கூட வீரனாகத் தெரியும்! மாரியில் மகாவலி வெள்ளம் கொட்டியாரக் குடாவில் உப்பைக் குறைப்பதால், அங்கே எடுத்த மாதிரிகளை உப்புக் குறைந்த ஊடகத்திலும் ஒருமுறை சோதிப்பது அவசியம். பொஸ்பேற்று உலோகத்தை வீழ்படிவாக்கும். எனவே அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் தாங்கலாக, பொஸ்பேற்றுக்குப் பதில் 'திரிஸ்' என்ற சேர்வை போடவும். செம்பென்றால் சத்து மிகுந்த ஊடகத்தின் அமினோ அமிலங்களும் அதைப் பற்றிக்கொள்ளும்.

கடைசியாகப் பெறுநரில் பிளாஸ்மிட் வந்திருப்பதை மின்னயப்பில், அதாவது மின்புலத்தில் டீஎன்ஏயைப் பருமனுக்கேற்பப் பட்டைகளாகப் பிரிக்கும் முறையில், காட்டவேண்டும். வழமையான பிரித்தெடுப்புப் பெட்டி சிறிய பிளாஸ்மிட்டுக்கானது. ஒரு இலட்சம் காரச் சோடிகளைத் தாண்டிய வளையங்கள் பலமாகக் குலுக்கினாலே நறுங்கிவிடும். பட்டை தெரியவில்லை என்பதற்காகப் பிளாஸ்மிட் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.