துடிப்பு கேட்டால் மட்டும் போதுமா?

சர்க்கரை, பிபி, குழந்தையின் வளர்ச்சிக் குறைவு என்று ஏதாவது ஒரு காரணத்தால் ஃபைலில் 'ஹை ரிஸ்க்' என்று எழுதிவிட்டால், கர்ப்பத்தில் ஏறக்குறைய 32 வாரத்துக்கு அப்புறம் பலருக்கும் அடிக்கடி என்எஸ்டி (வயிற்றிலுள்ள குழந்தையின் துடிப்பைக் கொஞ்ச நேரம் பதிவுசெய்து பார்க்கும் பரிசோதனை) எடுக்கச் சொல்வார்கள். கொஞ்சம் ஒருக்களித்துப் படுக்கவைத்து வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டுவார்கள். ஒன்று, கர்ப்பப்பை இறுகுகிறதா என்று பார்க்க. இன்னொன்றின் அடியில் ஜெல் தடவிய வட்டத் தட்டு இருக்கும். குழந்தையின் துடிப்பைப் பிடிப்பது அதுதான்.

அறையில் கேட்கும் அந்தச் சத்தம் இதயத்தின் சத்தம் அல்ல, கருவி உண்டாக்குவது. தட்டிலிருந்து காதுக்குக் கேட்காத மீயொலி உள்ளே போகிறது. அசையும் இதயச் சுவரிலும் வால்விலும் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் சற்று மாறுகிறது. 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கிய விளைவு இது. அந்த வித்தியாசத்தைத்தான் ஸ்பீக்கர் ஒலியாக்குகிறது. அசையும் எதிலிருந்தும் இப்படிச் சத்தம் வரும், அம்மாவின் ரத்தக்குழாயிலிருந்தும்கூட. பயத்தில் அம்மாவின் நாடி 120-ஐத் தொட்டிருந்தால் அதைக் குழந்தையின் துடிப்பு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அதனால்தான் நர்ஸ் அம்மாவின் நாடியையும் தனியாகப் பார்க்கிறார்.

நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு. ஆனால் டாக்டர் அந்த எண்ணோடு நின்றுவிடுவதில்லை, கிராஃப் தாளில் மேடுகளைத் தேடுகிறார். மாடிப்படி ஏறினால் நமக்குத் துடிப்பு கூடுவதுபோல, குழந்தை காலை உதைத்தால் அதற்கும் கூடும். 20 நிமிடத்தில் இரண்டு முறையாவது, 15 துடிப்பு கூடி 15 விநாடி நின்றால் 'ரியாக்டிவ்'. மூளைக்கு ஆக்சிஜன் சரியாகப் போகிறது, நரம்புகள் இதயத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கின்றன என்று அதற்கு அர்த்தம். மேடே வரவில்லை என்றால் உடனே பதற வேண்டாம். குழந்தை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தூக்கம் வழக்கமாக 20 முதல் 40 நிமிடம். அதற்காகத்தான் பரிசோதனையை நீட்டுகிறார்கள். (ஜூஸ் குடித்தால் குழந்தை எழுந்துவிடும் என்பார்கள். சர்க்கரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அப்படிப் பலன் எதுவும் தெரியவில்லை.)

இனி அசைவு. நஞ்சுக்கொடி (பிளசென்டா) வழியாக வரும் ஆக்சிஜன் குறைந்தால் குழந்தை சிக்கனம் பிடிக்கிறது. மூளை, இதயம், அட்ரினல் சுரப்பி ஆகியவற்றுக்கு ரத்தத்தைத் திருப்பிவிட்டு, உடனடித் தேவையில்லாத கை கால் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. இதயமோ அப்போதும் துடித்துக்கொண்டுதான் இருக்கும். வீட்டிலேயே துடிப்பைக் கேட்க விற்கும் சின்ன டாப்ளர் கருவியை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். அசைவு குறைந்த அன்று அதில் துடிப்பைக் கேட்டு 'சரி, நல்லாத்தான் இருக்கு' என்று படுத்துவிட்டால், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டிய நேரம் வீணாகிறது.

எத்தனை அசைவு என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் கணக்கு கிடையாது. 'இரண்டு மணி நேரத்தில் பத்து' என்பது வழக்கத்தில் இருக்கும் ஒரு அளவு. அதைவிட, தன் குழந்தை எப்போது உதைக்கும், எப்போது அடங்கும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் வழக்கம் மாறியதா என்பதுதான் முக்கியம். நஞ்சுக்கொடி முன்பக்கம் இருந்தால் உதை மந்தமாகத்தான் தெரியும். 'மாசம் ஏற ஏற இடம் இல்லாமல் அசைவு குறையும்' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது சரியல்ல. உதை உருளலாக மாறலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைச் சேர்த்து நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. அசைவு பற்றிய விழிப்புணர்வோடு, ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதையும் ஒழுங்குபடுத்திப் பார்த்தார்கள். குழந்தை வயிற்றிலேயே இறப்பது குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை, சிசேரியனும் வலி வரவழைப்பதும்தான் கூடின. அசைவு குறைவது ஒரு எச்சரிக்கை மட்டுமே, நோயைக் கண்டுபிடிப்பது அடுத்த கட்டம். வளர்ச்சி குறைந்த குழந்தைக்கு அந்த வேலையைத் தொப்புள்கொடி டாப்ளர் ஸ்கேன் செய்கிறது. குழந்தையின் இதயம் இரு துடிப்புக்கு நடுவே ஓய்வெடுக்கும்போதும் தொப்புள்கொடியில் ரத்தம் நஞ்சுக்கொடியை நோக்கி ஓட வேண்டும். அந்த ஓட்டம் நின்றாலோ பின்னோக்கித் திரும்பினாலோ, பிரசவத்தை எப்போது வைப்பது என்ற பேச்சு அன்றைக்கே தொடங்கிவிடும்.

என்எஸ்டி சொல்வது அந்த நேரத்து நிலையை. நேற்று எடுத்தது நார்மல் என்பதற்காக இன்றைக்கு அசைவு குறைந்ததைத் தள்ளிப்போட முடியாது. மறுபடியும் போனால் யாராவது அலுத்துக்கொள்வார்களோ என்று தயங்கவும் வேண்டாம், ராத்திரி ஆனாலும் கிளம்பிவிடலாம்.