முகத்தில் நிற்கும் வெள்ளை

குழைத்த திருநீற்றை நெற்றியில் இழுத்தவுடன் பாருங்கள்: மூன்று குறியும் மங்கலாகத்தான் தெரியும். ஈரம் காய்ந்ததும் பளிச்சென்று வெளுக்கும். நீறு அதேதான், அளவும் அதேதான். முல்லைத்தீவுப் பக்கத்துக் கூத்துகளில் ஒப்பனைக்கு உதவப் போன பிறகுதான், முகத்துக்கு வெள்ளை பூசும் கலையில் பாதி இந்த மாற்றத்துக்குள் இருப்பது எனக்குப் புரிந்தது.

ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது வளைகிறது. எவ்வளவு வளையும் என்பதைச் சொல்லும் எண் முறிவுச்சுட்டி. காற்றுக்கு 1, நீருக்கு 1.33, தேங்காயெண்ணெய்க்கு ஏறத்தாழ 1.45, அரிசி மாவுக்கு 1.53. தூளின் சுட்டிக்கும் அதைச் சூழ்ந்திருப்பதன் சுட்டிக்கும் வித்தியாசம் பெரிதானால், ஒளி தூளின் ஒவ்வொரு மணியிலும் சிதறி எல்லா நிறங்களுமாகக் கண்ணுக்குத் திரும்பும். அதுவே வெள்ளை. வித்தியாசம் சுருங்கினால் ஒளி தோல்வரை போய்விடும். அங்கே தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதை விழுங்கிவிடும்.

சோளகம் வீசிய ஒரு பின்னேரம் முன்கையின் உட்புறத்தில் நான்கு பட்டைகள் பூசிப் பார்த்தேன். நீரில் கரைத்த அரிசி மாவு காய்ந்ததும் நன்றாகவே வெளுத்தது. வியர்வை துளிர்த்ததும் மணிகளுக்கு இடையில் இருந்த காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்ள, பட்டை திட்டுத்திட்டாக மறைந்தது. அதே மாவைத் தேங்காயெண்ணெயில் குழைத்தபோது வெள்ளை எழவே இல்லை. 1.53க்கும் 1.45க்கும் இடையில் ஒளி சிதறப் போதிய வித்தியாசம் கிடையாது.

முத்துவெள்ளை வேறு சாதி. அது நாக (துத்தநாக) ஒட்சைட்டுத் தூள், சுட்டி 2.0. எண்ணெயில் மூழ்கியும் வெளுத்தே நின்றது. கூத்துப் பழக்கும் பழைய அண்ணாவிமார் அதை நம்பியதற்குக் காரணம் இருக்கிறது.

நான்காவது, கடையில் வாங்கிய எண்ணெய்ப்பசை வெள்ளை. அதிலிருப்பது தைத்தேனியம் (டைட்டானியம்) ஈரொட்சைட்டு, சுட்டி 2.5 முதல் 2.7 வரை. மெல்லிய ஒரு பூச்சே தோலை மூடிவிட்டது. இந்தத் தைத்தேனியத்தின் மூலப்பொருள்களில் ஒன்று கொக்கிளாய்க்குத் தெற்கே புல்மோட்டைக் கரையில் கிடக்கும் இல்மனைற்று மணல். அது கன்னங்கறுப்பு! அதிலுள்ள இரும்பைப் பிரித்தெடுத்த பிறகே வெள்ளை பிறக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

மணியின் அளவும் முக்கியம். ஒளி அலையின் நீளத்தில் ஏறத்தாழப் பாதி, அதாவது ஒரு மில்லிமீற்றரில் நாலாயிரத்தில் ஒரு பங்கு இருந்தால் சிதறல் நன்றாக இருக்கும். அதைவிட மிகவும் நுணுக்கினால் வெள்ளை மங்கிவிடும். வெயிலுக்குப் பூசும் சில களிம்புகள் முகத்தில் தெரியாமல் இருப்பது அதனால்தான்.

எண்ணெய்ப் பூச்சு மேடை விளக்கில் மினுங்கும், முகபாவம் கெடும். முகப்பவுடரை மெல்ல ஒற்றினால் மேலே நிற்கும் எண்ணெயை அது உறிஞ்சி, மினுக்கத்தை அடக்கும். தடிப்பாகப் பூசுவதுதான் பெரிய தவறு: அடியில் ஊறும் வியர்வை தடித்த பூச்சைத் தள்ளிக் கிளப்பிவிடும்.

முற்காலத்தில் பல நாடுகளில் ஈயவெள்ளையை முகத்தில் பூசினார்கள். அது நஞ்சு. சுவர்ப் பூச்சுக்கு விற்கும் எந்தத் தூளையும் பிள்ளைகளின் முகத்தில் வைக்காதீர்கள். முகத்துக்கென்றே செய்ததா என்று உறையைப் படித்து வாங்குங்கள்.

விடியற்காலையில் வெள்ளையைக் கலைக்கும்போது தண்ணீரில் தொடங்கினால் தோல்தான் சிவக்கும். முதலில் தேங்காயெண்ணெய் தடவுங்கள். பசை இளகியதும் பழந்துணியால் துடைத்து, அதன்பிறகு சவர்க்காரம் போடுங்கள்.