பேனலுக்குள் போன ராஸ்பெர்ரி பை

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஏதாவது ஒரு தோல் தொழிற்சாலையின் மின் பேனலைத் திறந்து பாருங்கள். ஓவர்லோடில் கரன்ட்டைத் துண்டிக்கும் எம்சிபி, மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் காண்டாக்டர், ரிலே, 24 வோல்ட் சப்ளை கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் எல்லாம் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும். அவற்றைத் தாங்கி நிற்பது டின் ரயில் (DIN rail) என்கிற இரும்புப் பட்டை. அகலம் 35 மி.மீ., ஆழம் 7.5 மி.மீ., தகட்டின் கனம் 1 மி.மீ. ஜெர்மனியில் வகுத்த இந்த அளவு இன்று ஐஇசி 60715 என்ற சர்வதேசத் தரம். அதனால் எந்த ஊர்க் கம்பெனிப் பொருளும் இதில் மாட்டும்.

இப்போது அந்த வரிசையில் ராஸ்பெர்ரி பை, ஆர்டுயினோ, இஎஸ்பி32 போன்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டுகளும் சேர ஆரம்பித்திருக்கின்றன. தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் எத்தனை சுற்று ஓடியது, உள்ளே தண்ணீர் எவ்வளவு சூடு என்று கணக்கு வைக்க அவையே போதும். ஆனால் அவை மேசைமேல் வைத்துப் பழக உருவானவை. பேனலுக்குள் போக வேண்டுமென்றால் ரயிலில் மாட்டும் பெட்டி ஒன்று வேண்டும்.

மாட்டுவது சுலபம். பட்டையின் மேலும் கீழும் சுமார் 4 மி.மீ. உதடு நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டியின் முதுகில் மேலே அசையாத கொக்கி, கீழே ஸ்பிரிங் வைத்த கால். கொக்கியை மேல் உதட்டில் தொங்கவிட்டுக் கீழ்ப்பக்கத்தை அழுத்தினால், கால் பின்வாங்கி, உதட்டைத் தாண்டியதும் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். எடையைக் கொக்கி தாங்குகிறது. ஸ்பிரிங்கின் வேலை பெட்டி முன்னால் சாயாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. கழற்ற, காலில் இருக்கும் துளையில் டெஸ்டர் முனையை விட்டுக் கீழே நெம்பினால் போதும்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியின் அகலத்தைத்தான் பார்க்கிறார்கள். அதை மாட்யூல் கணக்கில் சொல்வார்கள். ஒரு மாட்யூல் சுமார் 17.5 மி.மீ.; 85 மி.மீ. நீளமுள்ள பை போர்டைப் படுக்கையாக வைத்தால் ஆறு மாட்யூல் போய்விடும். சரி, இடம் முக்கியம்தான். எங்கள் பக்கத்து வெயிலுக்கு நான் முதலில் பார்ப்பது காற்றுத் துளைகளை.

வேலூரில் மே மாதம் 40 டிகிரி தாண்டுவது புதிதல்ல. மூடிய பேனலுக்குள் காண்டாக்டரின் கம்பிச்சுருளும் எஸ்எம்பிஎஸ்ஸும் தங்கள் பங்குக்குச் சூட்டை ஏற்றும். பை 4 போர்டுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் சுற்றுப்புற வெப்ப வரம்பு 50 டிகிரி வரைதான். சிப் 80 டிகிரியைத் தொட்டால் போர்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேன் வைக்கலாமே என்றால், தோலை பஃபிங் செய்யும், அதாவது உரசித் தேய்க்கும் இடத்துத் தூசு அதை விட்டுவைக்காது. அதனால் பெட்டிக்காரர்கள் புகைபோக்கியின் வழியைப் பிடிக்கிறார்கள்: கீழே துளை, மேலே துளை. சூடான காற்று லேசாகி மேலே வெளியேற, கீழிருந்து குளிர்ந்த காற்று நுழையும். மின்சாரம் எதுவும் செலவில்லை. ஒரே நிபந்தனை, ரயில் படுக்கையாக ஓட வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க ரயிலைச் செங்குத்தாக அடித்துவிட்டால் துளைகள் இடமும் வலமும் திரும்பிக்கொள்ளும், ஓட்டம் நின்றுபோகும். இரண்டு பெட்டிக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விடுவதும் நல்லது.

அதே துளைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தோலில் முடி நீக்க சோடியம் சல்பைடு பயன்படுகிறது. அந்தத் தண்ணீரில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அது செம்பையும் வெள்ளியையும் கறுக்கவைக்கும். துளை வழியே காற்று வந்தால் இதுவும் கூடவே வரும். துளையை அடைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். எனவே துளை அப்படியே இருக்கட்டும். போர்டின் மேல் அக்ரிலிக் பூச்சு ஒன்று அடித்துவிட வேண்டும், கனெக்டர் பின்களை மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு. தண்ணீர் தெறிப்பதைத் தடுப்பது வெளிப் பேனலின் பொறுப்பு. தூசு, தண்ணீர் புகாமைக்கான தரக் குறியீட்டில் ரயில் பெட்டிகள் பெரும்பாலும் ஐபி20தான். விரல் உள்ளே போகாது, அவ்வளவே.

அப்புறம் வயர். பை 4-க்குக் கரன்ட் வருவது யுஎஸ்பி-சி சாக்கெட் வழியாக. பக்கத்தில் டிரம் நாள் முழுக்கச் சுற்றும்போது அதிரும். செருகிய பிளக் மெல்ல மெல்ல நகரும். நல்ல பெட்டியில் 24 வோல்ட்டை ஸ்குரூ டெர்மினலில் வாங்கி, உள்ளேயே 5 வோல்ட்டாக இறக்கிக் கொடுத்திருப்பார்கள். டெர்மினல்களும் மேலும் கீழுமாக இருக்கும், ஏனென்றால் பேனலில் வயர்கள் போகும் டக்ட் ஓடுவது ரயிலுக்கு மேலேயும் கீழேயும்தான். சென்சாரின் 24 வோல்ட்டை நேராக போர்டின் கனெக்டர் பின்னில் கொடுத்தால் போர்டு போச்சு, அது தாங்குவது 3.3 வோல்ட். நடுவில் ஆப்டோகப்ளர் வைத்தால், அது சிக்னலை ஒளியாக மாற்றித் தாண்டவிடும். இரு பக்கத்து மின்சாரமும் ஒன்றையொன்று தொடாது.

வைஃபையை நம்பி இஎஸ்பி32 வாங்குகிறவர்கள் பேனல் கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு வாங்கட்டும். பிளாஸ்டிக் பெட்டி சிக்னலை விடும், இரும்புப் பேனல் விடாது. வெளியே ஆன்டெனா நீட்ட வசதியுள்ள மாடல் எடுக்கலாம். இல்லையென்றால் பை போட்டு ஈதர்நெட் வயர் இழுத்துவிடலாம். நான் இழுத்துவிடுகிற கட்சி.